பத்தரை மணித்தியாலத்துக்கு அப்பால்

ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான நேர வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம். மார்ச் மாதம் கனடாவில் கடிகாரத்தை முன்னகர்த்தியதும் அது ஒன்பதரையாகக் குறைந்துவிடும். இலங்கையில் அப்படியொரு வழக்கம் இல்லாததால், அம்மாவுக்கு இந்தக் கணக்கை ஆண்டுதோறும் இருமுறை விளங்கப்படுத்த வேண்டியிருக்கிறது.

குளிர்காலத்தில் நான் இரவு எட்டரைக்கு அழைத்தால் அங்கே காலை ஏழு மணி. மருந்து முடிந்ததையோ கால் வீங்கியதையோ அம்மா தாமாகச் சொல்லமாட்டார் என்பதால், வெறும் நலம் விசாரிப்பில் எனக்கு நம்பிக்கையில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கைபேசியைக் கொடுக்கச் சொல்லி, அவர் கிணற்றடிவரை நடக்கும் விதத்தைக் காணொளியில் பார்த்த பின்னரே எனக்கு மனம் ஆறும். 2006 ஆகஸ்டில் ஏ-9 வீதி மூடப்பட்டு, குடாநாட்டுக்குத் தரைவழிப் பயணம் அற்றுப்போயிருந்த காலத்தில், தொலைபேசி அட்டையில் காசு தீருமுன் பேசி முடித்த எங்களுக்கு இது பெரிய வசதிதான்.

ஆனால் போய்த் தங்குவதற்கும் எல்லையுண்டு. ஒன்ராறியோ மாகாணத்தின் மருத்துவக் காப்புறுதி தொடர வேண்டுமானால், எந்தவொரு பன்னிரண்டு மாதங்களிலும் பொதுவாக 153 நாள்களாவது மாகாணத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால், மாரியை ஊரில் கழிக்க விரும்பும் ஓய்வுபெற்றவர்கள் விமானச் சீட்டுக்கு முன்னர் நாட்காட்டியைத்தான் புரட்டுகிறார்கள். தைப்பொங்கலுக்குப் போய் நல்லூர்த் திருவிழா முடியும்வரை நின்றால் கணக்கு உதைக்கும். இரண்டில் ஒன்றென்றால் அம்மாவின் தேர்வு நல்லூர்தான். பொங்கலை எங்கே வைத்தாலும் பொங்கும் என்கிறார்.