கயிற்றைக் கட்டுவதா, சுற்றுவதா? எல்கோ பயணம்

நெவாடா மாநிலத்தின் எல்கோவுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து சால்ட் லேக் சிட்டியிலேயே வாடகைக் கார் எடுத்துவிடுங்கள். தூரம் சுமார் 370 கிலோமீட்டர், வழியெல்லாம் நல்ல நெடுஞ்சாலை. நான் ஏறிய பஸ்ஸோ தாமதமாகக் கிளம்பியது, ஏசியும் ஓடவில்லை. உப்புப் பாலைவனத்தைத் தாண்டும் வரை எல்லோரும் அட்டையை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தோம். இறங்கிய பிறகு நடந்தே போகக்கூடிய தூரத்துக்கு ஒரு டாக்ஸிக்காரர் 35 டாலர் வாங்கினார். கேட்டால், கண்காட்சி வாரமாம். அநியாயம்!

வக்கேரோ எனப்படும் ஸ்பானிய மரபு மாட்டுக்காரர்களின் குதிரை வித்தையையும் கயிற்று வித்தையையும் காண, செப்டம்பர் முதல் திங்கள் விடுமுறையை ஒட்டி நடக்கும் எல்கோ கவுண்டி கண்காட்சியைப் பார்க்கத்தான் போயிருந்தேன். மறுநாள் காலை மைதானத்தில் சாம்பல் நிறக் குதிரை ஒன்று வேலி ஓரமாக ஓடும் மாட்டை மறித்தது. பின்னங்கால்களில் அப்படியே உட்கார்ந்து, சட்டென்று திரும்பி, மறுபடியும் மறித்தது. லகான் தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது. வாய்க்குள் இரும்பே இல்லை. மூக்கைச் சுற்றி, பதனிடாத தோலில் பின்னிய ஒரு வளையம் மட்டும்தான். அதற்குப் பெயர் போசால். நம் ஊர் மாட்டின் மூக்கணாங்கயிறு போல மூக்கைக் குத்துவதெல்லாம் இல்லை, மேலாக உட்கார்ந்திருக்கும்.

போட்டி முடிந்ததும் அந்தக் குதிரைக்காரரிடம் கேட்டு லகானைத் தொட்டுப் பார்த்தேன். குதிரையின் பிடரி மயிரில் முறுக்கிய கயிறு, மெக்காட்டே. உள்ளங்கையில் முள் மாதிரி குத்துகிறது. அது கழுத்தில் லேசாக உரசினாலே எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று குதிரைக்குத் தெரிந்துவிடும், இழுக்கவே தேவையில்லை. போசாலில் ஓரிரு வருஷம் பழக்குவார்கள். அப்புறம் மெல்லிய போசாலையும் வாய்க்கம்பியையும் சேர்த்துப் போட்டு, இரட்டை லகானில் ஒரு காலம். கடைசியில்தான் ஸ்பேட் பிட் என்ற வாய்க்கம்பி மட்டும். மொத்தம் ஐந்து வருஷத்துக்கு மேல்கூட ஆகும்!

அந்த ஸ்பேட் பிட்டைக் கமர்ஷியல் தெருவிலுள்ள காப்ரியோலா கடையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நடுவில் கரண்டி மாதிரி ஒரு தகடு நிமிர்ந்து நிற்கிறது, இரு பக்கமும் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது, நாக்கால் உருட்டினால் கிரிக் கிரிக் என்று சத்தம் போடும் சின்ன உருளையும் உண்டு. முதல் பார்வைக்குச் சித்திரவதைக் கருவி போலத்தான் தெரியும். முரட்டுக் கையில் அகப்பட்டால் அது உண்மையும்கூட. அதனால்தான் இத்தனை வருஷம் பழக்கிய குதிரைக்கு மட்டும் போடுகிறார்கள். லகான் சங்கிலி லேசாக அசைந்தாலே போதும், குதிரைக்குச் செய்தி போய்விடும். இது வக்கேரோ வழி. 1769 முதல் ஸ்பானிய மிஷன்களோடு, அதாவது கிறிஸ்தவ மதப்பரப்புக் குடியிருப்புகளோடு, கலிபோர்னியாவில் வளர்ந்தது. அங்கே கடுங்குளிர் கிடையாது. மாட்டைத் தோலுக்கும் கொழுப்புக்கும் விற்றார்கள். குதிரையைப் பழக்க நேரம் இருந்தது. பிறகு மாடுகளோடு சேர்ந்து இந்த வித்தையும் நெவாடாவுக்கும் ஒரேகானுக்கும் வந்தது. 1872இல் பீட்டர் ஃபிரெஞ்ச் கலிபோர்னிய வக்கேரோக்களோடு ஒரேகானுக்கு மாடுகளை ஓட்டிப்போய்ப் பண்ணை போட்டார். இந்த வழி மாட்டுக்காரரை இன்று இந்தப் பக்கத்தில் பக்காரூ என்கிறார்கள்.

எல்கோவுக்கு முன்னால் டெக்சஸின் ஃபோர்ட் வொர்த்துக்குப் போயிருந்தேன். தினம் இரண்டு முறை நீளக்கொம்பு மாடுகளைத் தெருவில் நடத்திப் போகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் சுற்றிலும் தொப்பிக் கடைகள், பார்க்கிங் கட்டணமோ பகல் கொள்ளை. டெக்சஸ் கௌபாய்க்கு அன்று குதிரையைப் பழக்க நேரமே கிடைத்ததில்லை. 1867 முதல் சிஸம் தடம் என்ற மாட்டுப் பாதையில் மந்தையை வடக்கே கான்சஸ் வரை ஓட்டியவர்களுக்கு அரைகுறையாகப் பழகிய பல குதிரைகளைக் கொடுத்து, மாற்றி மாற்றி ஏறிக்கொள் என்று விட்டுவிடுவார்கள்.

எனக்கு எல்லாம் விளங்கியது கயிற்றைப் பார்த்தபோதுதான். டெக்சஸில் கயிறு சுமார் 30 அடி. ஒரு முனையைச் சேணத்தின் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பில் முன்கூட்டியே இறுக்கிக் கட்டிவிடுவார்கள். முட்புதர்க் காடு, சுருக்கு விழுந்த மாட்டை விட்டால் போச்சு. மாடு இழுக்கும் இழுப்பு முழுக்கச் சேணத்தில் விழும், பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் வயிற்றுவார் இரண்டு. வக்கேரோவின் கயிறான ரியாட்டா பச்சைத்தோலில் பின்னியது, 60 அடிகூட இருக்கும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். எனவே கட்டுவதில்லை, சுருக்கு விழுந்த பிறகு சேணக் கொம்பில் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நழுவவிட்டு மாட்டை நிறுத்துகிறார்கள். அதிர்ச்சி குறைவு என்பதால் பழைய கலிபோர்னியச் சேணத்துக்கு ஒற்றை வார் போதும். சுற்றும்போது கட்டைவிரல் மேலே நிற்க வேண்டும், கயிற்றுக்குள் சிக்கினால் விரல் போய்விடும். உடுப்பும் நிலத்தைப் பொறுத்ததுதான்: முட்காட்டில் கால் முழுக்க மூடும் தோல் சாப்ஸ், இங்கே திறந்த வெளி என்பதால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே குஞ்சம் தொங்கும் சிங்க்ஸ்.

கௌபாய்தான் அசல், வக்கேரோ அதன் மெக்சிகோ வடிவம் என்று எழுதுகிறவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. டெக்சஸ்காரர்களும் மெக்சிகோ வக்கேரோக்களிடம் கற்றவர்கள்தான். 1854இல் ரிச்சர்ட் கிங், க்ரூயாஸ் என்ற மெக்சிகோ கிராமத்து மக்களையே தன் டெக்சஸ் பண்ணைக்குக் கூட்டிவந்தார். மாட்டு வேலை தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பாவம். எல்கோவில் 1910 முதல் இருக்கும் ஸ்டார் ஹோட்டல், ஸ்பெயின்-பிரான்ஸ் எல்லைப் பகுதியிலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் மக்களுக்காகத் தொடங்கிய விடுதி. நீள மேசையில் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்தேன். சூப், சாலட், பீன்ஸ் எல்லாம் பெரிய பாத்திரங்களில் கைமாறி வந்தன. பூண்டு போட்ட ஆட்டிறைச்சி வருவதற்குள்ளேயே பாதி வயிறு நிரம்பிவிட்டது. விலை கொஞ்சம் அதிகம், ஆனாலும் ஒரு டாலர்கூட வீண் இல்லை. மதியம் பட்டினி கிடந்துவிட்டுப் போங்கள்.

கண்காட்சி வாரத்தில் அறை வாடகை ஏறிவிடும், மாதக்கணக்கில் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். ஜனவரிக் கடைசியில் நடக்கும் கௌபாய் கவிதை விழாவுக்கும் இதே கதைதான். கையால் பின்னிய ரியாட்டா என் பட்ஜெட்டுக்கு எட்டாத விலை. பணம் சேர்த்துக்கொண்டு மறுபடி போவேன், அந்த பஸ்ஸில் மட்டும் ஏறமாட்டேன்.