தேன் தின்பவன்

மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயி சந்தையில் ரொட்ரிக் தீவுத் தேன் வாங்கும்போதெல்லாம் ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. *மெது. ரஷ்யன், செக், போலிஷ் மொழிகளுக்கெல்லாம் தாயான ஆதி ஸ்லாவிய மொழியில் தேனின் பெயர். எந்த ஏட்டிலும் இல்லை, பிந்தைய மொழிகளை ஒப்பிட்டு மீட்டெடுத்தது; அதைக் காட்டத்தான் முன்னால் அந்த நட்சத்திரக் குறி. ரஷ்யனில் மியோத், செக்கில் மெத். வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'மது'வும் இதே வேரில் கிளைத்ததுதான்! இங்கே மொரீஷியஸில் பேசும், பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோலில் சொல்லும் 'டிமியெல்' வேறு வேர், லத்தீன் வழி பிரெஞ்சிலிருந்து வந்தது.

சரி, எனக்கு ரொம்பப் பிடித்தது கரடியின் பெயர்தான். கரடியின் பழைய பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சி ஸ்லாவியர்கள் 'தேன் தின்பவன்' என்றார்கள், அதுவே செக்கில் மெத்வியெத், போலிஷில் முதல் எழுத்து மாறி நியெஜ்வியெச், அப்புறம் ஸ்லாவியமே அல்லாத ஹங்கேரியனுக்கும் 'மெத்வெ' என்று போய்விட்டது. இருட்டிய பிறகு பாம்பைப் 'பூச்சி' என்றுதான் சொல்வார் என் பாட்டி. அதே அச்சம்.