மீன் கறி வேகம்: பினாங்கு ஓட்டக் குறிப்புகள்

ஜனவரி 5, 2025

கல்லூரி நெடுந்தூர ஓட்டக் குழுவுக்கு நான் கோச். சம்பளம் கிடையாது, பாயான் லெப்பாஸ் வேலை போக மிச்சமிருக்கும் நேரம்தான் இதற்கு. இன்று புதியவர்களுக்கு 5000 மீட்டர் வைத்தேன். நிபோங் திபாலிலிருந்து வந்த பையன் முதல் இரண்டு சுற்றும் எல்லாருக்கும் முன்னால் பறந்தான். பிறகு ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். 19:48, பதினொரு பேரில் ஒன்பதாவது.

ஆனால் பதினொன்றாவது சுற்றில், செத்த முகத்தோடு, இரண்டு பேரைத் திரும்பப் பிடித்திருந்தான். அதை நோட்டில் தனியாக எழுதி வைத்தேன்.

“பள்ளியில ஓடினியா தம்பி?”

“மெரெந்தாஸ் டேசா மட்டும்தான் கோச். நூறு மீட்டர்ல எப்பவும் கடைசி. அதான் டீம்ல எடுக்கல.”

மெரெந்தாஸ் டேசா என்றால் காடுமேடெல்லாம் ஓடும் கிராஸ் கன்ட்ரி. நூறு மீட்டரை வைத்து நெடுந்தூர ஓட்டக்காரனைத் தேடினால் கிடைத்த மாதிரிதான்.

ஜனவரி 19

பூமலைத் தோட்டம், காலை 5.45. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அந்த நிபோங் திபால் பையன் 4:50-ல் வந்து நிற்கிறான், வாயெல்லாம் பல். குரங்குகள்கூட ஒதுங்கி வழிவிட்டன. நான் சிரிக்கவில்லை.

ஒருமுறை ஒதுக்கப்பட்டவனுக்குத் தினமும் தேர்வு நாள்தான். ஓடும்போதே யாரோ மார்க் போடுகிற மாதிரி நினைப்பு. மெதுவான ஓட்டத்தில்தான் தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகும், சக்தி உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடும் என்று படம் போட்டு விளக்கினேன். தலையாட்டினான். அடுத்த சுற்றிலும் அதே வேகம்.

கடைசியில், “உங்க பாட்டி மீன் கறி எப்படி வைப்பாங்கன்னு ஒண்ணு விடாம சொல்லிக்கிட்டே ஓடு” என்றேன். புளி கரைத்து, வெண்டைக்காய் வதக்கி, கறிவேப்பிலை தாளிக்கும் இடம் வருவதற்குள் மூச்சு வாங்கியது. வேகம் தானாகக் குறைந்தது. பேச முடிகிற வேகம், அவ்வளவுதான் கணக்கு.

ஜனவரி 20, இரவு

தூக்கம் வரவில்லை. ஜோ விஹில் நினைவு. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கும் அலமோசாவில், ஆடம்ஸ் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியின் கோச். பள்ளியில் பெரிய பெயர் எடுத்தவர்களைப் பெரிய பல்கலைக்கழகங்கள் அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சத்தை வைத்துத்தான் இவர் குழு கட்டினார். அவரிடம் வந்த பேட் போர்ட்டரும் பள்ளி நட்சத்திரம் இல்லை. அந்த மனிதர் 1982 முதல் 1989 வரை எட்டு ஆண்டும் விடாமல் அமெரிக்க கிராஸ் கன்ட்ரி பட்டம் வென்றார். 1984, 1988 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடினார். 1992-இல் இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளின் தேசியப் போட்டியில் விஹிலின் பையன்கள் முதல் ஐந்து இடங்களையும் பிடித்தார்கள். ஐந்து பேரின் இடங்களைக் கூட்டுவதுதான் குழுப் புள்ளி, 1+2+3+4+5, பதினைந்து. அதற்குக் கீழே போகவே முடியாது.

அந்த மலைக்காற்றுக்கு நாம் எங்கே போவது? நமக்கு வாய்த்தது புழுக்கம். வெயிலுக்குப் பழகினால் இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடும், அதுவும் ஒரு லாபம்தான். ஆனால் விஹிலிடம் நான் பொறாமைப்படுவது மலைக்காக இல்லை. வருடக்கணக்கில் காத்திருக்க அவருக்கு மனசு இருந்தது.

பிப்ரவரி 12

நேற்று தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் சாலையெல்லாம் அடைப்பு, மூன்று நாளாக ஓட்டமில்லை. தம்பி அம்மாவுக்காகப் பால்குடம் எடுத்தானாம், வெறுங்காலில். பாதத்தைக் காட்டச் சொன்னேன். கொப்புளம் ஒன்றே ஒன்று.

“மெதுவாத்தான் நடந்தேன் கோச்.”

மார்ச் 9

தப்பு என்னுடையது.

நோன்பு மாதம். குழுவில் நான்கு மலாய்ப் பையன்கள், அதனால் பயிற்சியைத் தராவீஹ் தொழுகை முடிந்து இரவு 10 மணிக்கு மாற்றியிருந்தேன். வியாழக்கிழமை 1000 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் 3:55. தம்பி முதலாவதை 3:34-ல் முடித்தான். நிறுத்தியிருக்க வேண்டும். ஸ்டாப்வாட்சைப் பார்த்த சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் கணுக்காலுக்கு மேலே எலும்போரம் வலி. விசாரித்தால் அதே வியாழன் காலை யாருக்கும் சொல்லாமல் பத்து கிலோமீட்டர் வேறு ஓடியிருக்கிறான். மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் வேண்டும். உள்ளே எஞ்சின் பெரிதாகிறது, சட்டகம் பழையது. இது தெரிந்த நானே கோட்டை விட்டேன். டாக்டர் பார்த்துவிட்டு எலும்பு முறிவு இல்லை என்றார். இரண்டு வாரம் நீச்சல் குளம்தான்.

தே தாரிக் வாங்கிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவனுக்குத்தான் கூச்சமாகப் போயிற்று.

ஏப்ரல் 27

மறுபடி 5000. முதல் ஐந்து சுற்றும் எட்டாவதாகவே ஓடினான். அது எவ்வளவு கஷ்டம் என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. ஏழாவது சுற்றில் ஒருவனைத் தாண்டினான், ஒன்பதாவதில் இருவரை, கடைசிச் சுற்று மணி அடித்த பிறகு இன்னும் இருவரை. 18:21. மூன்றாவது.

புல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றும்போதே கேட்டான்: “அடுத்த டெஸ்ட் எப்ப கோச்?”

“ஆகஸ்ட்.”

முகம் சுருங்கிவிட்டது. “அது வரைக்கும்?”

“மீன் கறி.”