வட்டை மாற்றிய பின் திறக்க மறுத்த ஸ்னாப்ஷாட்: ஆர்எச்சிஎஸ்ஏ தேர்வுப் பயிற்சியில் கற்றது

லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் நடத்தும், கணினி நிர்வாகிகளுக்கான ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழ்த் தேர்வில் எழுத்து வினாக்கள் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸ் இயந்திரத்தில் பணிகளைச் செய்து காட்ட வேண்டும். 300 மதிப்பெண்ணுக்கு 210 எடுத்தால் தேர்ச்சி. வட்டைப் பகிர்வுகளாகப் பிரிப்பது, பல வட்டுகளின் இடத்தை ஒன்றாக்கிப் பங்கிடும் எல்விஎம் அமைப்பது, நினைவகத்துக்குத் துணையாக வட்டில் ஒதுக்கும் ஸ்வாப் சேர்ப்பது ஆகியவை அதில் முக்கியமான பகுதி. செய்தவை மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிலைத்திருக்க வேண்டும். இவற்றைத் திரும்பத் திரும்பச் செய்து பழக, இயந்திரத்தின் ஒரு நிலையைச் சேமித்து வைத்துப் பின்னர் அதற்கே திரும்ப உதவும் ஸ்னாப்ஷாட் வசதி பெரிதும் உதவும். ஆனால் அதன் இயல்பை அறியாமல் வட்டு அமைப்பில் கைவைத்ததால், தேர்வு நெருங்கிய வேளையில் எனக்கு இரண்டு நாள்கள் வீணாயின. இதே பயிற்சியில் இருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கணினிக்குள் மெய்நிகர் கணினிகளை இயக்கும் விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் மென்பொருளில் 20 ஜிபி வட்டுடன் ஒரு மெய்நிகர் இயந்திரமும் அதில் மூன்று ஸ்னாப்ஷாட்களும் வைத்திருந்தேன். தொடக்க நிலையில் எழுதி, பின்னர் அழித்துவிட்ட சில ஷெல் நிரல்கள் ஒருநாள் தேவைப்பட்டன. பழைய நிலைக்குத் திரும்பினால் அன்றைய பயிற்சி போய்விடும் என்று எண்ணி, அந்த இயந்திரத்தின் வட்டாக விளங்கும் மூல விஎம்டிகே கோப்பை, உபுண்டு எனும் லினக்ஸ் வகை ஓடும் இன்னொரு மெய்நிகர் இயந்திரத்தில் இரண்டாவது வட்டாக இணைத்து, மவுண்ட் செய்து (அதாவது, கோப்புகளைப் படிக்கும்படி திறந்து), வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு கழற்றிவிட்டேன். நான் எதையும் எழுதவில்லை. இருந்தும் மறுநாள் பயிற்சி இயந்திரத்தை இயக்கியபோது, சேய் வட்டு உருவான பிறகு தாய் வட்டு மாற்றப்பட்டுள்ளது என்ற பிழைச்செய்தியுடன் அது நின்றுவிட்டது.

ஸ்னாப்ஷாட் என்பது முழு நகல் என்றே அதுவரை நினைத்திருந்தேன். உண்மையில், ஸ்னாப்ஷாட் எடுத்த கணத்தில் மூல வட்டு அப்படியே நிறுத்தப்பட்டு, அதன் பின் நிகழும் மாற்றங்கள் மட்டும் 000001 போன்ற எண் தாங்கிய புதிய சேய்க் கோப்பில் எழுதப்படுகின்றன. சேய்க் கோப்பில் இல்லாத எதையும் தாயிடமிருந்தே படிக்க வேண்டியிருப்பதால், தாய் மாறினால் சேயின் பொருளும் கெடும். இதைக் கண்டுகொள்வதற்காக ஒவ்வொரு வட்டுக்கும் சிஐடி எனும் உள்ளடக்க அடையாள எண் உண்டு; தாயின் அந்த எண்ணைச் சேய் தன்னிடம் குறித்து வைத்திருக்கும். ஸ்னாப்ஷாட் எடுத்தபோது என் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனவே வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையின், செய்யவிருக்கும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேட்டில், முடியாத வேலைகள் இருந்தன. உபுண்டு மவுண்ட் செய்தவுடன் அவற்றை முடித்துவைத்து வட்டில் எழுதியிருக்கிறது, தாயின் எண்ணும் மாறிவிட்டது.

இந்த நிலையில் முதலில் செய்ய வேண்டியது, இயந்திரத்தை அணைத்து அதன் கோப்புறை முழுவதையும் வேறிடத்தில் நகலெடுப்பதே. ஸ்னாப்ஷாட்களை அழித்துப் பார்க்கும் ஆசை எழும். அழிப்பது சேயைத் தாயோடு கலப்பதாகும் என்பதால், தாய்-சேய்ச் சங்கிலி சரியாகும்வரை அதைத் தொடவே கூடாது. அடுத்து, அதே கோப்புறையில் நிகழ்வுகளைப் பதிந்து வைக்கும் விஎம்வேர் லாக் கோப்பைத் திறந்தால், எந்தக் கண்ணி அறுந்தது என்பது இரண்டு எண்களோடு இருக்கும். என் வட்டு 2 ஜிபி துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், அளவு, சிஐடி போன்றவற்றைக் குறிக்கும் விவரக் கோப்பு தனியாக, சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருந்தது. மூல வட்டின் விவரக் கோப்பில் தாய் எண் இருக்குமிடத்தில் எட்டு எஃப் எழுத்துகள் இருந்தன. தனக்கு மேலே தாய் இல்லை என்பதே அதன் பொருள். அதன் சொந்த சிஐடி 84219075, முதல் சேய் தாய் எண்ணாக வைத்திருந்ததோ 30517764. சேயின் அந்த ஒரு வரியை மட்டும் 84219075 என்று மாற்றிச் சேமித்தேன், இயந்திரம் எழுந்தது. ஒரே தாயிலிருந்து பல கிளைகள் பிரிந்திருந்தால் ஒவ்வொரு சேயிலும் இப்படித் திருத்த வேண்டும். வட்டு ஒரே பெரிய கோப்பாக இருந்தால் விவரப் பகுதி அதற்குள்ளேயே இருக்கும். அதை நோட்பேடில் திறந்து சேமித்தால் வட்டே பாழாகும்.

எண்ணைத் திருத்துவது பிழைச்செய்தியை நீக்குமே தவிர, தாயின் பழைய உள்ளடக்கத்தை மீட்காது. என் வட்டில் கோப்பு முறைமைச் சோதனை எந்தக் குறையும் காட்டவில்லை. ஆனாலும் அந்த இயந்திரத்தில் பயிற்சியைத் தொடரவில்லை. சந்தேகத்துக்குரிய வட்டில் பயிலும்போது, ஒரு பணி தவறினால் அது நம் பிழையா வட்டின் பிழையா என்று பிரித்தறிய முடியாது.

மூல வட்டின் அளவைக் கட்டளை வழியே பெருக்குவதும் இதே வகைத் தவறுதான். வட்டின் அளவு செக்டர் எனும் 512 பைட் துண்டுகளில் குறிக்கப்படுகிறது; 20 ஜிபி என்பது 41943040 செக்டர்கள். தாயை 30 ஜிபி ஆக்கினால் அங்கே 62914560 என்று மாறும், சேயிலோ பழைய எண்ணே நிற்கும். ஸ்னாப்ஷாட் இருக்கும்போது விரிவாக்க வசதியை வொர்க்ஸ்டேஷன் தராதது இதனால்தான்.

தனித்த வட்டு எனப்படும் இண்டிபெண்டன்ட் வகையில் வேறொரு சிக்கல் உண்டு. ஸ்னாப்ஷாட் அதைத் தொடாது. பயிற்சியில் அதை மறுபடி ஃபார்மட் செய்துவிட்டு, பழைய நிலைக்குத் திரும்பினால், தொடக்கத்தில் எந்த வட்டுகளை மவுண்ட் செய்ய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், ஃபார்மட் செய்யும்போது மாறிவிடும் யுயுஐடி எனும் அடையாள எண்ணின் பழைய மதிப்பே இருக்கும். அந்த எண்ணுள்ள வட்டுக்காக இயந்திரம் 1 நிமிடம் 30 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலையில் நிற்கும். எல்விஎம்மில் வட்டுகளை ஒன்றாக்கும் வால்யூம் குரூப் ஒன்று, சாதாரண, தனித்த என்னும் இருவகை வட்டுகளிலும் பரவியிருந்தால், ஒன்று மட்டும் பின்னோக்கிப் போய் எல்விஎம் விவரங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.

ஆகவே புதிய இயந்திரத்தில், இயங்குதளத்துக்கு 20 ஜிபி வட்டும், பயிற்சிக்கு வெறுமையான 5 ஜிபி வட்டுகள் இரண்டும் முதலிலேயே சேர்த்தேன். நிறுவி முடித்து, முழுமையாக அணைத்த பிறகே ஸ்னாப்ஷாட் எடுத்தேன். நிரல்களையும் குறிப்புகளையும் அந்த இயந்திரத்துக்கு வெளியே வைத்தேன். ஒவ்வொரு முறை தொடக்க நிலைக்குத் திரும்பியதும் வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை இட்டு, மூன்று வட்டுகளும் சரியான அளவில் தெரிகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் பணியைத் தொடங்கினேன்.