ராத்திரியில் நாங்கள் எழுதிக்கொள்வது

சாகலாம் என்று நினைக்கிறவர்கள் ஒருவரோடொருவர் பேசவே கூடாது, ஒருவர் இன்னொருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்கிறாள் என் தங்கை. நான் தற்கொலைக்கு முயன்று பிழைத்தவள். என்னைப் போன்ற சிலரோடு இணையத்தில் ஒரு சிறு குழுவில் எழுதிக்கொண்டிருக்கிறேன், பெரும்பாலும் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு. அது அவளுக்குத் தெரியும். போன் வெளிச்சம் கதவிடுக்கில் தெரிந்தால் எழுந்து வந்து பார்த்துவிட்டுப் போவாள். அவள் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியையும், அவளுக்குத் தெரியாத மீதியையும் எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிழைத்து வந்தவரிடம் வீடு எப்படி நடந்துகொள்ளும் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. யாரும் திட்ட மாட்டார்கள். குளியலறைத் தாழ்ப்பாள் கழற்றப்பட்டிருக்கும். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு வேறு பக்கம் திரும்பும். சொந்தக்காரர்களிடம் காய்ச்சல் என்று சொல்லியிருப்பார்கள், நானும் காய்ச்சல் என்றே சொல்ல வேண்டும். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, தூங்கினியா என்று கேட்பார்கள். அன்றைக்கு என்ன நடந்தது, எது தாங்க முடியாமல் போனது என்று ஒருவர்கூடக் கேட்க மாட்டார்கள். கேட்டால் மறுபடி தூண்டிவிட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம். அன்புதான் அது, எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த அன்புக்கு நடுவில் மூச்சு முட்டும்.

குழுவில் நான் முதன்முதலாக எழுதியபோது, முன்பின் தெரியாத ஒரு பெண் கேட்டார்: "கண் முழிச்சப்ப கோபம் வந்துச்சா, இல்ல நிம்மதியா இருந்துச்சா?" ரெண்டும் என்று எழுதினேன். "எனக்கும் ரெண்டும்தான்" என்று பதில் வந்தது. டாக்டரிடம்கூட அதைச் சொல்லியிருக்கவில்லை. பிழைத்ததில் எரிச்சல் என்று சொன்னால் திரும்பவும் வார்டில் சேர்த்துவிடுவார்கள், நிம்மதி என்று சொன்னால் அப்புறம் ஏன் செய்தாய் என்று கேட்பார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கும் என்று அறிந்த ஒருத்தரிடம்தான் அதைச் சொல்ல முடிந்தது.

எட்வின் ஷ்னைட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், நார்மன் ஃபார்பரோவோடு சேர்ந்து 1958-ல் லாஸ் ஏஞ்சலஸில் தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கியவர். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தாங்க முடியாத மனவலி என்பதுதான் அவர் கடைசிவரை சொல்லி வந்தது. எங்கே வலிக்கிறது, நான் எப்படி உதவட்டும் என்ற இரண்டு கேள்விகளே சிகிச்சைக்கு அடிப்படை என்றார். கேட்டால் தூண்டிவிட்டதாக ஆகுமோ என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. 2005-ல் நியூயார்க்கில் 2,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்டு ஆராய்ந்தார்கள். கேட்கப்படாதவர்களோடு ஒப்பிட்டால், கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணம் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும், முன்பு முயன்றவர்களுக்கும் கேட்டதில் சற்று ஆறுதல்கூடக் கிடைத்தது. இதைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்கப்புறம் ஒருநாள், அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபடியே, "இப்பவும் தோணுதா?" என்று கேட்டாள். சில நாள் தோணுது என்றேன். "தோணுனா என்னை எழுப்பு" என்றாள்.

குழுவில் யார் வந்தாலும், எந்த வயதானாலும், என்ன காரணமானாலும், ஒரு வாக்கியம் வந்தே தீரும். நான் இல்லன்னா எல்லாருக்கும் நிம்மதி. கடனில் மூழ்கியவர் அதை எழுதுவார், படிப்பில் தோற்ற பையன் எழுதுவான், நாள்பட்ட நோயில் படுத்திருக்கும் பாட்டி எழுதுவார். தாமஸ் ஜாய்னர் என்ற உளவியலாளர் 2005-ல் இதைக் கோட்பாடாகவே எழுதினார்: மற்றவர்களுக்குப் பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பும், யாரோடும் ஒட்டவில்லை என்ற நினைப்பும் சேர்ந்து இருக்கும்போதுதான் சாகும் விருப்பம் பிறக்கிறது. நான் அதை வாசிப்பதற்கு முன்பே எங்கள் குழுவில் கண்ணால் பார்த்துவிட்டேன்.

ஒரு அக்கா. இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்குத் தலை பின்னிவிடும்போது கை நடுங்குகிறது, பிள்ளை "பரவால்லம்மா, நானே பின்னிக்கிறேன்" என்று சீப்பை வாங்கிக்கொள்கிறாள் என்று எழுதினார். அதற்குக் கீழேயே, நான் போயிட்டா அவ நல்லா இருப்பா என்றும் எழுதினார். படித்த எனக்கு நெஞ்சு பதறியது. அந்தப் பிள்ளை சீப்பை வாங்கியது எதற்காக என்று இவருக்குத் தெரியவில்லையே! அம்மாவின் கை நடுங்குவது அம்மாவுக்கு வெட்கமாக இருக்கக் கூடாது என்பதற்காகத்தானே! அதை அப்படியே எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. அதே வாக்கியத்தை நானும் எழுதியிருக்கிறேன். என் தங்கையைப் பற்றி. கதவிடுக்கில் வெளிச்சம் பார்த்து எழுந்து வருகிறவளைப் பற்றி.

தன் தலைக்குள் ஓடும்போது அந்த வாக்கியம் சத்தியம் போலவே இருக்கும். டாக்டரோ அம்மாவோ மறுத்தால், ஆறுதலுக்குச் சொல்கிறார்கள் என்று தள்ளிவிடலாம். இன்னொருவர் வாயில் அதையே கேட்கும்போது, அது பொய் என்று சட்டென்று தெரிந்துவிடுகிறது. அவரிடம் அது பொய் என்று அடித்துச் சொல்லிவிட்டு, எனக்கு மட்டும் அது உண்மை என்று அன்றைக்குத் தூங்கப் போக முடிவதில்லை. எங்களைப் போன்றவர்கள் எங்களைப் போன்றவர்களோடு பேசுவதில் வேறு யாராலும் தர முடியாத ஒன்று இருக்கிறது என்றால், என்னைப் பொறுத்தவரை அது இதுதான்.

இனி தங்கையின் பாதி.

2017-ல் ஜப்பானில் சாமா என்ற ஊரில் 9 பேர் கொலை செய்யப்பட்டார்கள். ட்விட்டரில் சாக விரும்புவதாக எழுதியவர்களைத் தேடித் தேடிப் பேசி, உதவுகிறேன் என்று சொல்லி வரவழைத்தவன் செய்த கொலைகள். அவர்கள் சம்மதித்துத்தான் செத்தார்கள் என்று அவன் தரப்பு வக்கீல்கள் வாதிட்டார்கள். ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை என்று 2020-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தச் செய்தியை வாசித்துவிட்டு வெகுநேரம் எதுவும் செய்ய ஓடவில்லை எனக்கு. சாகணும் என்று எழுதியவர்கள், யாராவது பேச வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள். வந்தவன் யார் என்பதுதான் அவர்கள் விதியாகிவிட்டது.

இவ்வளவு கொடூரமாக இல்லாவிட்டாலும், வழி சொல்லித் தருகிறவர்கள் எங்கும் உண்டு. கனிவாகத்தான் பேசுவார்கள். உன் வாழ்க்கை, உன் முடிவு என்பார்கள். சேர்ந்து போகலாமா என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட பேச்சில் யாராவது மாட்டியிருந்தால் அன்றைக்கே வெளியே வந்துவிட வேண்டும், பதில் சொல்லிவிட்டு வரலாம் என்றுகூட நிற்கக் கூடாது. எங்கள் குழுவில் வலியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். எப்படி என்பதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதக் கூடாது. தன் முயற்சியைச் சொல்கிறவர்கள் அதற்கு முந்தைய நாளைச் சொல்லலாம், பிந்தைய நாளைச் சொல்லலாம், நடுவில் உள்ளதை விட்டுவிட வேண்டும். யாராவது தவறி எழுதிவிட்டால் நிர்வாகி அழித்துவிட்டு அவரோடு தனியாகப் பேசுவார். இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் தயவு தாட்சண்யம் பார்ப்பதே இல்லை. படிப்பவர்களில் அன்றைக்கு யார் எந்த விளிம்பில் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு ராத்திரி, குழுவில் இருக்கும் ஒரு தம்பி தனியாக எழுதினான். "அக்கா முழிச்சிருக்கீங்களா." முழிச்சிருக்கேன் தம்பி என்றேன். திரையில் அவன் எழுதுவதாகக் காட்டும், நின்றுவிடும், மறுபடி காட்டும். ஒன்றும் வரவில்லை. நானே கேட்டேன்.

"சாகணும்னு தோணுதா?"

"ஆமாக்கா."

"இன்னைக்கேவா?"

"தெரியல."

"கைக்கெட்டுற தூரத்துல ஏதாவது வச்சிருக்கியா? என்னன்னு சொல்ல வேணாம். இருக்கா இல்லையா மட்டும் சொல்லு."

ரொம்ப நேரம் கழித்து, "இருக்கு."

"வீட்ல யார் இருக்கா?"

"அண்ணன் தூங்குறான்."

"அண்ணனை எழுப்பி அதைக் குடுத்துடு. விளக்கம் எதுவும் சொல்ல வேணாம். இதை வச்சுக்கோ, காலைல பேசலாம்னு மட்டும் சொல்லு. நான் இங்கயே இருக்கேன்."

அவன் போனான். நான் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்து, "குடுத்துட்டேன். அவன் அழுவுறான் அக்கா" என்று எழுதினான். நீயும் அழு என்றேன்.

நான் கேட்டவை என் சொந்தச் சரக்கு இல்லை. பார்பரா ஸ்டான்லி, கிரகரி பிரவுன் என்ற இருவர் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, என் டாக்டர் அதை என்னோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதவைத்தார். எண்ணம் வருவதற்கு முன் எனக்குள் என்ன மாறுகிறது, தனியாக என்ன செய்து அதைக் கடத்தலாம், யாரோடு இருக்கலாம், யாரிடம் உதவி கேட்கலாம், எந்த மருத்துவரைக் கூப்பிடலாம், சுற்றியிருக்கும் ஆபத்தான பொருளை எப்படித் தூரமாக்கலாம். கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடக் கூடியது. அந்த நேரத்தைத் தாண்டுவதற்குள் கையில் எதுவும் இருக்கக் கூடாது. 1937-க்கும் 1971-க்கும் இடையில் கலிஃபோர்னியாவில் ஓர் இடத்தில் கடைசி நேரத்தில் தடுத்து நிறுத்தப்பட்ட 515 பேரைத் தேடிக் கணக்கெடுத்து, ரிச்சர்ட் சைடன் என்பவர் 1978-ல் எழுதினார். தடுத்தாலும் வேறு எங்காவது போய்ச் செய்துகொள்வார்கள் என்றுதான் ஊர் பேசியது. ஆனால் அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிரோடு இருந்தார்கள், அல்லது இயற்கையாக இறந்திருந்தார்கள். தடுமாற்றமான நாட்களில் இந்த எண்ணை நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எல்லா ராத்திரியும் அப்படி முடிவதில்லை. சிலர் திடீரென்று எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். புனைபெயர் மட்டும்தான் தெரியும், ஊர் தெரியாது, வீட்டார் யாரையும் தெரியாது. குணமாகிப் போனாரா, சலித்துப் போனாரா, இல்லையா? துக்கம் விசாரிக்கப் போக ஒரு வாசல்படி கிடையாது. அப்படி ஒருவர் எனக்கும் இருக்கிறார், அவரைப் பற்றி இதற்கு மேல் எழுத முடியவில்லை. அதற்கப்புறம்தான் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். குழுவில் சேர்கிறவர்கள், நேரில் ஓடி வரக்கூடிய ஒருவருடைய எண்ணை நிர்வாகியிடம் கொடுத்துவைக்க வேண்டும். நாங்கள் திரைக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள், கதவைத் தட்ட எங்களால் முடியாது. அண்ணன் பக்கத்து அறையில் தூங்கியதால்தான் அன்றைக்கு அந்தத் தம்பிக்கு நான் பயன்பட்டேன்.

எங்களால் தாங்க முடியாததைத் தாங்கப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், ராத்திரியிலும் போனை எடுப்பார்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, அமெரிக்காவிலும் கனடாவிலும் 988. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் அவசர ஊர்தியைத்தான் கூப்பிட வேண்டும், எங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கக் கூடாது.

சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் செய்ததைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவமனையிலிருந்து போன பிறகு தொடர்சிகிச்சை வேண்டாம் என்று ஒதுங்கிய 843 பேரை இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு 5 ஆண்டுகளில் 24 கடிதங்கள். நீங்கள் இங்கே இருந்து போய்க் கொஞ்ச நாளாயிற்று, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள், அவ்வளவுதான் கடிதம். மருந்து சாப்பிடுகிறாயா என்ற கேள்வி இல்லை, வந்து பார் என்ற கட்டாயம் இல்லை. கடிதம் கிடைத்தவர்களில் தற்கொலைகள் குறைவாக இருந்தன, முக்கியமாக முதல் 2 ஆண்டுகளில். வெளியே வந்த பிறகான முதல் சில மாதங்கள்தான் ஆபத்து அதிகமானவை. அந்த மாதங்களில் இருப்பவர்களுக்கு நாங்கள் முறைபோட்டு எழுதுகிறோம். பதில் வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. பதில் எழுதாதவர்கள்தான் அடுத்த மெசேஜுக்காக அதிகம் காத்திருப்பவர்கள் என்பது எங்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. பிள்ளையின் போனிலோ தம்பி போனிலோ இப்படிப்பட்ட பேச்சைப் பார்த்துவிட்டால் உடனே பிடுங்கிவிடாதீர்கள். அவர்களுக்கு அந்த மாதத்தில் வாயைத் திறக்க இருந்த ஒரே இடமாக அது இருக்கலாம். பக்கத்தில் உட்காருங்கள். எவ்வளவு நாளா இப்படி இருக்கு என்று கேளுங்கள், கேட்டுவிட்டு அவர்கள் பேசும்வரை பேசாமல் இருங்கள். அங்கே யாராவது வழி சொல்கிறார்களா, சேர்ந்து போகலாம் என்கிறார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அவர்கள் கையாலேயே அந்தத் தொடர்பை அறுக்கவையுங்கள், அன்றைக்குத் தனியே விடாதீர்கள், மறுநாளே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இல்லை, கேட்டுக்கொள்கிறவர்கள்தான் இருக்கிறார்கள் என்றாலும் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ராத்திரி வெளிச்சம் தெரிந்தால் என் தங்கை மாதிரி எழுந்து வந்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள்.