ரீப்பர் கட்டையில் ஒரு முழங்கை: இதுவரை செய்து பார்த்தது

தசைகள் கையை எப்படி மடக்குகின்றன என்று பார்க்க, கட்டையும் கயிறுமாக ஒரு முழங்கை மாதிரி செய்வதுதான் வேலை. மேற்கைக்கும் முன்கைக்கும் ஓர் அங்குல அகல ரீப்பர் (ஒல்லியான மரச்சட்டம்). மேற்கையில் தோள் துளைக்கும் முழங்கைத் துளைக்கும் இடையே 30 செ.மீ. முன்கை 34.5 செ.மீ.; அதில் போல்ட் துளை முனையிலிருந்து 2.5 செ.மீ. உள்ளே தள்ளி இருக்க வேண்டும். விளிம்பிலேயே துளை போட்டால் பின்னால் ட்ரைசெப்ஸ் (மேற்கையின் பின்புறம் இருந்து கையை நீட்டும் தசை) பிடித்து இழுக்க ஒன்றும் மிஞ்சாது. நம் முழங்கையில் மேஜைமேல் ஊன்றும் அந்தக் கூர்முனைதான் இந்த 2.5 செ.மீ. துண்டு. சென்னை பாரிமுனையில் 6 மி.மீ. போல்ட், இரண்டு வாஷர், நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ளது) வாங்கலாம். சாதா நட் மடக்கி நீட்ட நீட்டக் கழன்றுகொண்டே வரும்.

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்குப் பதிலாகக் கட்டும் நூல் விஷயத்தில்தான் முதல் சறுக்கல். காசிமேட்டில் கிடைக்கும் தங்கூஸ் (மீன்பிடி நைலான் நூல்) பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் சுமை ஏறினால் நீளும். இழுப்பின் முதல் பகுதி நூலை நீட்டுவதிலேயே போய்விடும், கை அப்புறம்தான் எழும். தசைநாண் அப்படி நீளாது. பருத்திக் கயிறு நம் ஊர் ஈரக்காற்றில் நீளம் மாறும். ரப்பர் பேண்டோ ஒரு கோடை தாண்டினால் பிசுபிசுத்துவிடும். கடைசியில் 2 மி.மீ. பின்னல் நைலான் கயிறுதான் நின்றது. (நம் பேச்சில் தசைநாணும் நரம்புதான். முழங்கை மடிப்பில் கயிறு போலத் தட்டுப்படுவது பைசெப்ஸின் (மேற்கையின் முன்புறம் இருந்து கையை மடக்கும் தசை) நாண். முழங்கை இடிபட்டால் சுரீர் என்று கரண்ட் அடிக்கிறதே, அதுதான் உண்மையான நரம்பு.)

முதல் வடிவத்தில் பைசெப்ஸ் கயிற்றைப் போல்ட்டிலிருந்து 4.5 செ.மீ. கீழே, கட்டையின் நடுக்கோட்டில் துளையிட்டுக் கட்டியிருந்தது. கை நேராக நீட்டியிருக்கும்போது எவ்வளவு இழுத்தாலும் அசையவில்லை. காரணம் எளிது: தோள் துளை, போல்ட், கீழ்த்துளை மூன்றும் ஒரே கோட்டில் நிற்பதால் இழுவிசை மூட்டை அழுத்துகிறதே தவிரத் திருப்புவதில்லை. உடம்பில் மேற்கை எலும்பின் அடிமுனை பருத்திருக்கிறது. பைசெப்ஸுக்கு அடியில் பிரேக்கியாலிஸ் தசையும் படுத்திருக்கிறது. இரண்டும் நாணை மூட்டுக்கு முன்னே தள்ளி வைக்கின்றன. போல்ட்டுக்கு முன்புறம் 2 செ.மீ. கனத்துக்கு ஒரு மரத்துண்டை ஒட்டி, கயிற்றை அதன்மேல் ஓடவிட்டதும் சரியானது.

அளவு பார்க்க: முன்கையை 90 டிகிரியில் நிறுத்தி, போல்ட்டிலிருந்து 32 செ.மீ. தள்ளி 200 கிராம் படிக்கல்லைத் தொங்கவிடுங்கள். தோள் துளை வழியே வரும் கயிற்றின் மறுமுனையில் ஸ்ப்ரிங் தராசு. கணக்குப்படி 1.4 கிலோவுக்குச் சற்றுக் கூட வர வேண்டும். கட்டையின் சொந்த எடையும் தோள் துளையின் உராய்வும் சேர்ந்து அதற்கு மேலேதான் காட்டும். துளையில் ஒரு பித்தளை வளையம் பொருத்தினால் உராய்வு குறையும். சுமையின் ஏழு மடங்குக்கு மேல் இழுக்க வேண்டியிருப்பது நஷ்டம்போலத் தெரியலாம். ஆனால் கயிறு 4 செ.மீ. சொச்சம் சுருங்கினாலே கை கால்வட்டம் போய்விடுகிறது. உடம்பு பலத்தைக் கொடுத்து வீச்சை வாங்கியிருக்கிறது.

இரண்டாம் வடிவம்தான் இந்த வேலையின் சுவாரசியமான பகுதி. ஒற்றைக் கட்டை முன்கையில் பைசெப்ஸின் பாதி வேலை தெரியவே தெரியாது. முன்கையின் இரண்டு எலும்புகளில் அது ஒட்டுவது சுண்டுவிரல் பக்கத்து அல்னாவில் அல்ல, கட்டைவிரல் பக்கத்து ரேடியஸில். ரீப்பரை அல்னாவாக வைத்துக்கொண்டு, 23 செ.மீ. உருளைக் குச்சி ஒன்றை ரேடியஸாகப் பக்கத்தில் சேர்க்கவும். மேல்முனையை வெல்க்ரோ வளையத்தால் சுற்ற வேண்டும். இறுக்கினால் சுழலாது, தளர்ந்தால் இழுக்கும்போது குச்சி கழன்று வரும். கீழ்முனைக்குத் தளர்ந்த கயிற்று வளையம் போதும். பைசெப்ஸ் கயிற்றை ரேடியஸின் முன்முகத்தில் கட்டாமல், அல்னாவைப் பார்க்கும் பக்கத்தில் கட்டுங்கள். உள்ளங்கை கீழ்நோக்கியிருக்கும்போது அது குச்சியைச் சுற்றிக்கொள்ளும்; இழுத்ததும் சுற்று பிரிந்து உள்ளங்கை மேலே திரும்பும். வலது கையால் ஸ்க்ரூவை முடுக்கும்போது இடது கையால் மேற்கையைத் தொட்டால் பைசெப்ஸ் இறுகுவதை உணரலாம்.

பிரேக்கியாலிஸுக்குத் தனிக் கயிறு: மேற்கையின் பாதியிலிருந்து, அல்னாவில் போல்ட்டிலிருந்து 3.5 செ.மீ. கீழே வரை. உள்ளங்கை எப்படி இருந்தாலும் இது மடக்க மட்டும் செய்யும்.

ட்ரைசெப்ஸ் இன்னும் அரைகுறை. அது தொடங்கும் மூன்று கிளைகளில் (தலைகள்) இரண்டு மேற்கை எலும்பின் பின்புறம் தொடங்குவதால் பிரச்சினையில்லை. நீள்தலை தோள்பட்டை எலும்பில், மூட்டுக் குழிக்குச் சற்றுக் கீழே ஒட்டுகிறது. அதற்குத் தோளும் அசையும்படி ஒரு ப்ளைவுட் தகடு வெட்ட வேண்டும். அதுவரை கட்டை பின்பக்கம் மடங்காமலிருக்க போல்ட்டுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்துவைத்திருக்கிறது.