டிஸ்சார்ஜ் புக்கில் என் பெயர்

மே 2, 2025

நேற்று ராத்திரி என் வீட்டுக்காரர் காட்பாடியில் இறங்கினார். இந்தத் தடவை திரும்பிப் போக டிக்கெட் போடவில்லை. ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ராணுவத்தில் 24 வருஷம் முடிந்து, ஹவில்தாராக பென்ஷனில் வந்துவிட்டார். வயசு 43. கல்யாணமாகி 19 வருஷத்தில் அவர் வந்துபோன லீவையெல்லாம் கூட்டினால் அஞ்சு வருஷம் தேறும், நாங்கள் சேர்ந்து குடும்பம் நடத்தியது அவ்வளவுதான்.

காலையில் நாலரைக்கு எழுந்து, சவரம் பண்ணி, ஷூ மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "எங்கயாவது போகணுமா?" என்று கேட்டேன். இல்லை என்றார். ஆனால் எட்டு மணி வரை ஷூவைக் கழற்றவில்லை.

மே 8

மகளுக்கு பிளஸ் டூ ரிசல்ட். நல்ல மார்க். அவர் போனை வாங்கிப் பார்த்தார், அவள் தலையைத் தடவினார், மறுபடியும் டி.வி. பக்கம் திரும்பிவிட்டார். ஆபரேஷன் சிந்தூர் என்று நேற்று அதிகாலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது, அவருடைய யூனிட் பாகிஸ்தான் எல்லைப் பக்கம்தான் இருக்கிறது. கூட இருந்த பையன்களுக்கு மெசேஜ் போட்டால் ஒரு டிக்கோடு நிற்கிறது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "நல்ல நேரத்துல வந்துட்டீங்க" என்கிறார்கள். அதைக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விடுகிறார். எட்டு நாள் முன்னால் வந்தது அவருக்கு ஏதோ தப்புப் பண்ணின மாதிரி இருக்கிறது. இதைப் பேச அவருக்கு இன்னொரு பட்டாளத்துக்காரர்தான் வேண்டும், நான் போதாது என்று இன்றைக்குப் புரிந்தது.

மே 21

மகளின் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்கான சான்றிதழ் வாங்கத்தான் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனோம். அங்கே, பட்டாளத்தை விட்டு வரும்போது அவருக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கையும் என் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருத்தர், விரலை வைத்துக் காட்டினார். என் பெயரில் ஒரு எழுத்து மாறியிருக்கிறது, பிறந்த வருஷமும் இரண்டு தள்ளிப் போயிருக்கிறது. 2006-ல் கல்யாணமானதும் அவர் கையால் எழுதிக் கொடுத்ததை யாரோ தட்டச்சு செய்தபோது ஆன தப்பு. அன்றைக்கு ஆதார் என்ற ஒன்றே கிடையாது.

"சாருக்கு இதனால ஒண்ணும் ஆகாதும்மா, அவருக்கு அப்புறம் குடும்ப ஓய்வூதியத்துக்கு நீங்க போய் நிக்கும்போதுதான் கஷ்டம்" என்றார். நல்ல மனுஷர், சுற்றி வளைக்காமல் சொன்னார். சர்வீஸில் இருக்கும்போதே கவனித்திருந்தால் யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் என்ற பதிவுத் திருத்த உத்தரவு ஒன்று போட்டு முடித்திருப்பார்களாம். இப்போது நோட்டரி அபிடவிட், ஆதார், கல்யாண சான்று என்று எல்லாவற்றையும் சேர்த்து இந்த ஆபீஸ் வழியாக, படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கிற ரெக்கார்டு ஆபீஸுக்கு அனுப்பி, அவர்கள் திருத்தி, அதற்கப்புறம்தான் பென்ஷன் பார்க்கிற ஸ்பர்ஷ் தளத்தில் மாறும்.

பஸ்ஸில் வரும்போது அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. துப்பாக்கி நம்பர் இன்னும் மனப்பாடமாக இருக்கிறவருக்கு, என் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று இத்தனை வருஷம் பார்க்கத் தோன்றவில்லையே என்று எனக்கும் வருத்தம்தான். நானும் கேட்டதில்லை.

ஜூன் 15

வேலை தேடுகிறோம். ரிட்டையர் ஆகப்போகிற ஜவான்களுக்கு மறுவாழ்வு இயக்குநரகம் 24 வாரம் வரை கோர்ஸ் நடத்துகிறது, கட்டணம் முழுக்க அரசே கட்டும். கடைசி வருஷத்தில் ஆள் பற்றாக்குறை என்று இவரை விடவில்லை. ரொம்பக் கஷ்டமான இடத்தில் இருக்கிறவனுக்குத்தான் அந்த ஆறு மாசம் கிடைக்காமல் போகிறது. யாரையும் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் இது சரியில்லை.

மகள் பயோடேட்டா அடித்தாள். "அப்பா, நீங்க என்ன வேலை பார்த்தீங்கன்னு எழுத?" வண்டி ரிப்பேர் என்றார். இருபது வருஷம் பனியில் நின்றுபோன லாரிகளை ஓட வைத்த மனுஷர், ரெண்டே வார்த்தையில் முடித்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு ஒரு பக்கம் எழுதினோம். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டி வேலை வந்தது, 12 மணி நேர ஷிஃப்ட். வேண்டாம் என்றேன். மறுபடியும் ஊரைவிட்டுப் போவதற்கா வந்தார்? முன்னாள் படைவீரர்களுக்கு வேலை கொடுக்க 1986-ல் மாநில அரசு ஆரம்பித்த டெக்ஸ்கோவில் பதிந்திருக்கிறோம்.

மத்திய அரசு குரூப் சி வேலைகளில் 10 சதவீதம் முன்னாள் படைவீரர்களுக்கு உண்டு. வயசில் சர்வீஸ் காலத்தைக் கழித்துத்தான் பார்ப்பார்கள், அதனால் 43 தடையில்லை. ஆனால் பரீட்சை எழுத வேண்டும். பத்தாவதோடு படிப்பை நிறுத்திப் பட்டாளத்துக்குக் கிளம்பினவர் இப்போது மகளின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

ஜூலை 27

எங்கள் தெருக்கோடி அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். அவர் வீட்டுக்காரரும் மிலிட்டரிதான், பென்ஷன் வந்த ஏழாவது வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அக்கா பெயர் ரெக்கார்டில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் வேறு மாதிரி. குடும்ப ஓய்வூதியம் கைக்கு வர மூணு வருஷம் ஆனது. மொத்தமாக வந்தது, உண்மைதான், ஆனால் அதற்குள் வீட்டுப் பத்திரம் வட்டிக்காரனிடம் போயிருந்தது. குடும்ப ஓய்வூதியம் சின்னத் தொகையாகத் தெரியலாம், அந்த மூணு வருஷம் மாசாமாசம் வந்திருந்தால் அக்காவுக்கு அதுதான் சோறு.

வந்ததும் அபிடவிட்டில் கையெழுத்துப் போட்டேன். நாளைக்குப் போய்க் கொடுக்கிறோம்.

செப்டம்பர் 9

"முதல்வரின் காக்கும் கரங்கள்" திட்டத்துக்கு விண்ணப்பித்துவிட்டார். போன வருஷம் சுதந்திர தினத்தில் அறிவித்தது. தொழில் தொடங்க 1 கோடி வரை வங்கிக் கடன், 30 சதவீதம் மானியம், வட்டியிலும் 3 சதவீதம் அரசு ஏற்கும். இவருக்கு ஒரு ஒர்க்‌ஷாப் போடணும். ஒரு வங்கியில் "பென்ஷன்தான் வருதே, பேசாம வீட்ல இருக்கலாமே" என்றார்களாம். பாதி பென்ஷனை கம்யூட் பண்ணி, அதாவது முன்னாலேயே மொத்தமாக வாங்கித்தான் வீட்டுக் கடனை அடைத்தோம், அது திரும்பச் சேர 15 வருஷம் ஆகும். வேறு கிளைக்குப் போகச் சொன்னேன், போனார்.

மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை இப்போது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ்.ஸில் வாங்குகிறோம். மாசாமாசம் கடையில் கொடுத்த காசு மிச்சம். அரசு செய்கிறதைச் செய்கிறது என்று சொல்ல வேண்டும்.

அக்டோபர் 22

தீபாவளிக்கு என் அக்கா மகன் வந்திருந்தான். அக்னிவீர் முதல் பேட்ச், நாலு வருஷம் முடிய இன்னும் ஒரு வருஷம் சொச்சம். நாலில் ஒருத்தரைத்தான் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சுமார் 11.71 லட்சம் சேவா நிதி கையில் வரும், பென்ஷன் கிடையாது, இ.சி.எச்.எஸ். கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற அந்தஸ்தும் கிடையாது. "சித்தப்பா, நான் திரும்பி வந்தா எந்த ஆபீஸுக்குப் போகணும்?" என்று கேட்டான். இவரிடம் பதில் இல்லை. துணை ராணுவத்தில் அவர்களுக்கு இட ஒதுக்கீடு உண்டு, அதற்கு இப்போதிருந்தே தயாராகு என்றார். ராத்திரி ரொம்ப நேரம் இரண்டு பேரும் மொட்டை மாடியில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊருக்கு வந்தபிறகு இவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 7

இன்றைக்குப் படைவீரர் கொடி நாள். கடன் இன்னும் வரவில்லை, ஃபைல் நகர்ந்திருக்கிறதாம். மகள் காலேஜ் போகிறாள், பிரதமர் உதவித்தொகைக்குப் போட்டிருக்கிறோம், கிடைத்தால் மாசம் 3,000.

மத்தியானம் ஸ்பர்ஷைத் திறந்து பார்த்துவிட்டு அவர் கூப்பிட்டார். என் பெயர் சரியாக இருக்கிறது, பிறந்த வருஷமும். மே மாசம் கண்டுபிடித்த தப்பு, டிசம்பரில் திருந்தியிருக்கிறது. டிஸ்சார்ஜுக்கு ஒரு வருஷம் முன்னால் மனைவியின் ஆதாரை வாங்கி ஒரு தடவை ஒத்துப் பார்த்தால் போதும், இதை எந்த யூனிட்டிலும் செய்யலாம்.

சாயங்காலம் அவர் யூனிட் வாட்ஸ்அப் குரூப்பில் இதை ஆடியோவாகப் போட்டார், இந்தியிலும் தமிழிலும். ஏழு மணிக்குள் மூணு பேர் போன் பண்ணிவிட்டார்கள், அதில் ஒருத்தர் பக்கத்து ஊர், வருகிற மார்ச்சில் பென்ஷன், மனைவி மட்டும் இங்கே இருக்கிறாள். நாளைக்குக் காலையில் ஆதாரை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.